லேமினேஷன் போட்ட பட்டம்

அத்தியாயம் 11

இத்தாலியில் சுவேதாவுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்த அன்று, அவள் அப்பா உலகநாதன் மேனாம்பேட்டில் தன் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை என்பது பத்து நாள் கழித்து, இந்த வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குத்தான் தெரிந்தது.

பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்த சுவேதா வீடு அதிரக் கத்தினாள்.

"அம்மா!"

அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த நாகவல்லி, கரப்பான்பூச்சி என்று நினைத்துத் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

சுவேதாவின் கையில் அவளுடைய பி.டெக். பட்டச் சான்றிதழ் இருந்தது. போன மாதம் பார்த்தபோது அது காகிதம். இப்போது தடித்த பிளாஸ்டிக்குக்குள், ஓட்டல் மெனு கார்டு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. ஆட்டினால் சத்தம் வேறு வந்தது.

"யாரு பண்ணது இத?"

"வேற யாரு? உங்க நைனாதான். மைசூர்பாகு வாங்கின அன்னிக்கே லேமினேஷன் போட்டுகினு வந்தாரு. ஷோக்கா கீது இல்ல?"

சுவேதா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூட நேரம் இல்லாத நாள் அது.

சுவேதாவுக்கு இருபத்துமூன்று வயது. அம்பத்தூரில் ஒரு பால் கம்பெனியின் ஆய்வகத்தில் இரண்டு வருடமாகப் பால் சோதிக்கிறாள். வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஆறு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் போட்டு, ஐந்து பேர் கைவிரித்து, ஆறாவதாக இத்தாலியின் தூரின் நகரத்தில் உணவுத் தொழில்நுட்பம் படிக்க உதவித்தொகையோடு இடம் வாங்கியவள். விசாவுக்கு வரச் சொன்ன தேதி இந்த மாதம் இருபத்தொன்பது. அதை விட்டால் வகுப்பு தொடங்குவதற்குள் வேறு தேதியே இல்லை. வகுப்புக்குப் போகாவிட்டால் உதவித்தொகையும் இல்லை. இதையெல்லாம் போன வாரங்களில் சுவேதா வீட்டில் எத்தனை தடவை சொன்னாள் என்று இந்தத் தொடரைப் படித்தவர்களுக்குத் தெரியும். கேட்க வேண்டியவர் மட்டும் மைசூர்பாகு வாங்கப் போயிருந்தார்.

நம் ஊர்ப் பட்டம் இத்தாலிக்காரனிடம் செல்லுபடியாக வேண்டுமானால், அந்தச் சான்றிதழின் பின்பக்கத்தில் நம் அரசாங்கத்தின் முத்திரை விழ வேண்டும். அதற்கு அப்போஸ்டில் என்று பெயர். முத்திரை விழுந்து திரும்பி வர எட்டு வேலை நாள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் விடுமுறை. ஆகவே இன்று மாலை மூன்றரைக்குள் முத்திரை குத்தும் அலுவலகக் கவுன்ட்டரில் கொடுத்தால்தான் இருபத்தொன்பதாம் தேதிக்குக் கைக்கு வரும். அதற்காகத்தான் அவள் லீவு போட்டிருந்தாள்.

"இங்க பாரும்மா, ஆபீஸ் வெப்சைட்டுல மொத வரியிலயே போட்டுருக்கான். லேமினேஷன் செய்த சான்றிதழ்கள் ஏற்கப்பட மாட்டாது."

நாகவல்லி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எழுத்தெல்லாம் நல்லாத்தானேடி தெரியுது? கண்ணாடி போட்டுகினு படிக்கச் சொல்லு."

"படிக்கறதுக்கு இல்லம்மா, முத்திரை குத்தறதுக்கு! பேப்பர் மேல குத்தணும்!"

"அப்போ வேற ஒண்ணு வாங்கிக்கோ. ரேஷன் கார்டு தொலைஞ்சப்ப வாங்கலையா?"

"வேற ஒண்ணு வர்றதுக்கு நாலு மாசம் ஆகும். நாலு மாசத்துல அங்க மொத பரீட்சையே முடிஞ்சிடும்."

நாகவல்லிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உலகநாதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். அந்தச் சத்தத்தில் போன் அடித்தால் ஐந்தாவது அழைப்பில்தான் கேட்கும். இன்று ஏழாவதில் கேட்டது.

"நைனா, என் டிகிரிக்கு லேமினேஷன் போட்டியா?"

"பாத்துட்டியா?" குரலில் அப்படியொரு பூரிப்பு. "நீ கெளம்பற அன்னிக்குக் காட்டலாம்னு வெச்சிருந்தேன். கங்காதரன் கடையில கீறதுலயே கனமான ஷீட்டு. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாது. ஏரோப்ளேனு கடல்ல உழுந்தாலும்..."

"நைனா!"

"சும்மா சொன்னேம்மா. வாய் தவறி வந்துச்சு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் பிரஸ் மிஷின் நின்றது.

"பிளாஸ்டிக் மேலயே குத்தச் சொல்லக்கூடாதா?"

"கூடாது."

"கேட்டுப் பாத்தியா?"

"எழுதியே இருக்கு நைனா."

"எழுதறது ஆயிரம் எழுதுவான். நேர்ல போய் ஒரு வார்த்த சொன்னா..."

சுவேதா போனை வைத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் அவர் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. ஆனால் யோசனைகளோடு வந்தார். ஒரு போல்ட்டை இடப்பக்கம் திருப்புவதா வலப்பக்கம் திருப்புவதா என்று பத்து வருடமாக ஒத்துப்போகாத பிரஸ் ஷாப், லேமினேஷன் பிரிக்கும் விஷயத்தில் ஆளுக்கொரு நிபுணராக மாறியிருந்தது.

"தமிழரசு இன்னா சொல்றான்னா, ஃப்ரிட்ஜு மேல் ரூம்ல ஒரு மணி நேரம் வெச்சா அப்டியே உரிஞ்சி வந்துடுமாம். கேன்டீன்காரரு இட்லிப் பானை ஆவியில காட்டச் சொன்னாரு. ஸ்ரீகாந்து தின்னர் ஊத்தலாம்ன்றான். தின்னர் பாட்டிலு எடுத்துகினே வந்துட்டேன்."

"அத மொதல்ல வெளிய வை."

"பெயின்டே போவுதும்மா, பிளாஸ்டிக் போவாதா?"

"இங்க்கும் போகும்! கையெழுத்தும் போகும்! எனக்குப் பத்து யோசனை வேணாம் நைனா. ஒரு பேப்பர் வேணும். பத்து நாள் முன்னாடி இருந்த மாதிரி ஒரு பேப்பர்!"

"நல்லதுக்குத்தானேம்மா..."

"என்னைக் கேட்டியா? ஒரு வார்த்த கேட்டியா? நான் போறது உனக்குப் புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம். இப்டி மூடி வெச்சிருக்க வேணாம்."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. சொன்னது சொன்னதுதான். உலகநாதன் தின்னர் பாட்டிலை எடுத்துப்போய் வாசலில் செருப்புப் பக்கத்தில் வைத்தார். திரும்பி வந்து பீரோவில் எதையோ தேடி எடுத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"கங்காதரன் கட தொறந்துட்டானான்னு பாக்கறேன். நீ அத எடுத்துகினு வா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வண்டியை மறந்துவிட்டு நடந்தே போனார்.

நாகவல்லி மகளை முறைத்தாள். "இன்னா வார்த்தடி கேட்ட அவரை?"

"தப்புதான். ஆனா அவர் பண்ணது?"

"அதுவும் தப்புதான். நான் இல்லன்னு சொல்லல." நாகவல்லி குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன புயல் மழையில ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, நெனப்பு கீதா?"

"அண்ணன் சர்டிபிகேட்டெல்லாம் ஊறிப்போச்சு. அதுக்கும் இதுக்கும் என்னா?"

"அந்த ஃபைலு கீழ்த்தட்டுக்கு எப்டி வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

சுவேதா கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை.

"மேல்தட்டுலதான் இருந்துச்சு. உன் காலேஜு புக்குங்களுக்கு எடம் பத்தலன்னு உங்க நைனாதான் கிஷோர் ஃபைல எடுத்துக் கீழ வெச்சாரு. மறு வாரமே தண்ணி. அதுக்கப்பால கிஷோருக்கு அந்தக் கார் கம்பெனியில வேல கெடச்சு, ஐ.டி.ஐ. ஒரிஜினல் எடுத்துகினு வான்னாங்க. ஊறிப்போனத எடுத்துகினு எங்க போவான்? வேற வாங்கறதுக்குள்ள ஏழு மாசம் ஓடிப்போச்சு, வேலயும் போச்சு. இப்போ ஓசூர்ல லோடு வண்டி ஓட்டிகினு கீறான். யாரு கீழ வெச்சான்னு அவனுக்கே தெரியாது. என்னாண்ட மட்டும்தான் சொன்னாரு. அன்னியிலேந்து மானம் கறுத்தா போதும், போயி பீரோவத் தொறந்து உன் ஃபைலத் தடவிப் பாக்கறாரு."

காரணம் தெரிந்ததும் கோபம் பறந்துவிட்டது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். சுவேதாவுக்குப் பறக்கவில்லை. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. மேல்தட்டில் இருந்த தன் புத்தகங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சான்றிதழை ஒரு தலையணை உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கங்காதரனின் ஜெராக்ஸ் கடை மேனாம்பேடு மெயின் ரோட்டில் ஒரு டீக்கடைக்கும் பியூட்டி பார்லருக்கும் நடுவில் இருக்கிறது. அவள் போனபோது அங்கே வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

"அண்ணாத்தே, போடறதுதான் என் தொழிலு. பிரிக்கறது இல்ல. மாவு மில்லுல போயி அரிசியத் திருப்பிக் குடுன்னு கேட்டா குடுப்பானா?"

"அண்ணா, ஒரிஜினல்னு தெரிஞ்சும் ஏன் போட்டீங்க?" என்று சுவேதா உள்ளே நுழைந்தாள்.

"நல்லாக் கேட்ட போ! நான் சொன்னேம்மா. 'ஒரிஜினலாச்சே, ஜெராக்ஸ் எடுத்து அதுக்குப் போடறேன்'னு சொன்னேன். 'நீ கம்முனு போடு, எனக்குத் தெரியும்'னாரு."

சுவேதா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். உலகநாதன் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை முதன்முதலாகப் பார்ப்பவர்போலக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"பிரிக்கவே முடியாதாண்ணா?"

"சூடு காட்டினா பசை எளகும். எளகும்போது இழுத்தா வரும். பேப்பரோட வருமா, பேப்பர விட்டுட்டு வருமான்னு மட்டும் என்னக் கேக்காத."

"அப்போ மொதல்ல வேற ஒண்ண பிரிச்சுப் பாக்கணும்" என்றாள் சுவேதா. "சாம்பிள் பாக்காம எங்க லேப்ல ஒரு கேன்கூட உள்ள போகாது."

கங்காதரன் ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து லேமினேஷன் மிஷினில் விடப் போனார். சுவேதா தடுத்தாள். "அது மெல்லிசு பேப்பர். இது தடிமன். போட்டுப் பத்து நாளும் ஆகிடுச்சு. இதே மாதிரி பேப்பர், இதே மிஷின்ல, இதே நாள் போட்டதா இருந்தாத்தான் நம்ப முடியும். அதுக்கு எங்க போறது?"

உலகநாதன் சட்டைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட். அதே தடித்த பிளாஸ்டிக், அதே பளபளப்பு.

"அன்னிக்கு ரெண்டா போட்டேன்" என்றார் மெதுவாக. "உன்னுது போடும்போது என்னுதும் பக்கத்துல கெடக்கட்டுமேன்னு. ஆஸ்பத்திரியில ஊசி போடறதுக்கு மின்ன, கையில சின்னதா ஒண்ணு குத்திப் பாப்பாங்கல்ல? அந்த மாதிரி இத வெச்சிப் பாரு."

நெமிலிச்சேரியில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட பச்சையப்பனுக்குப் பிறந்து, கணக்கில் ஒரு தடவை தவறி, இரண்டாம் தடவை முப்பத்தெட்டு மார்க்கில் தேறியவர் உலகநாதன். அந்த வீட்டில் பத்தாவது தேறிய முதல் ஆள் அவர்தான். பட்டறையில் அவருடைய பிறந்த தேதிக்கு ஆதாரமும் இந்தக் காகிதம்தான்.

"வேணாம் நைனா. உனக்கு ரிடையர்மென்ட்டுக்கு வேணும்."

"அதுக்கு இன்னும் நாலு வருஷம் கீது. உனக்கு நாலு மணி நேரம்தான் கீது. பிரிடா கங்கா."

பக்கத்துப் பார்லரிலிருந்து ஹேர் டிரையர் வந்தது. கங்காதரன் பிளேடால் ஓரங்களை வெட்டினார். முன்பக்கத்தில் சூடு காட்டி, ஒரு மூலையை நகத்தால் தூக்கி, பாவாடை நாடாவை உருவுவதுபோல ஒரே இழுப்பாக இழுத்தார்.

பிளாஸ்டிக் வந்தது. எழுத்தும் அதோடு வந்தது.

காகிதத்தில் மங்கலாகச் சில கோடுகள் மட்டும் மிச்சம். பெயர், பிறந்த தேதி, அந்த முப்பத்தெட்டு, தலைமையாசிரியரின் பச்சை மை எல்லாமே கங்காதரன் கையிலிருந்த பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்தன. டிரையர் கொடுத்த பார்லர் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உலகநாதன் அந்தப் பிளாஸ்டிக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உடு. மார்க்கு எங்கயும் போவல. இதுல கீது பாரு. நல்லாவே தெரியுது."

சுவேதாவுக்குக் கண் கலங்கியது. ஆத்திரத்தில் கலங்கியதா, வேறு எதனாலா என்று யோசிக்க அவள் நிற்கவில்லை. மணி பன்னிரண்டு. காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கப் பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருந்தது. ஹேர் டிரையரைத் தானே வாங்கி, தள்ளிப் பிடித்து, குறைந்த சூட்டில் விரல் விரலாக நகர்த்தி, பிளாஸ்டிக்கை மேலே தூக்காமல் பின்னால் மடித்து மடித்து உரித்தாள். பத்து நிமிடத்தில் முழுசாக வந்தது. காகிதத்தில் லேசாக நார் எழும்பியிருந்தது, அவ்வளவுதான்.

"அண்ணா... என் டிகிரியிலயும் பின்பக்கம் எழுத்தே கெடையாது. போறதுக்கும் ஒண்ணும் இல்ல." அவள் குரல் வேகமெடுத்தது. "முத்திரை பின்பக்கம்தான் குத்துவாங்க. முன்பக்கத்தத் தொடவே வேணாம். முதுக மட்டும் பிரிச்சாப் போதும்!"

"முன்னாடி பிளாஸ்டிக்கோட இருந்தா ஒத்துப்பாங்களா?" என்றார் கங்காதரன்.

"தெரியல. ஆனா எழுத்தாவது உசுரோட இருக்கும்."

அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் கடையில் ஜெராக்ஸ் ஓடவில்லை. ஆதார் கார்டோடு வந்த இரண்டு பேரை டீக்கடைக்கு அனுப்பினார்கள். சுவேதா சான்றிதழைக் குப்புறப் போட்டு வேலையை ஆரம்பித்தாள்.

"மெதுவாம்மா."

"நைனா."

"சூடு கொஞ்சம் கம்மி பண்ணிக்கோ."

"நைனா, மூச்சு விடாத. காத்து மேல படுது."

அவர் நிஜமாகவே வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். கீழ் மூலையில் ஒரு இடத்தில் காகிதம் பிய்ந்தது. கடுகளவுதான். சுவேதா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் மெதுவாகப் போனாள். ஒன்றேகால் மணிக்குப் பின்பக்கம் முழுவதும் காகிதமாக, வெள்ளையாக, முத்திரைக்குக் காத்துக்கொண்டு கிடந்தது.

கங்காதரன் காசு வாங்க மாட்டேன் என்றார். "போட்ட பாவத்துக்குப் பிரிச்சது சரியாப்போச்சு. ஓடுங்க."

வீட்டுக்குப் போய் ஃபைலை எடுத்துக்கொண்டு, அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள். நாகவல்லி கட்டிக் கொடுத்த தயிர்ச்சாதம் மடியில் இருந்தது. யாரும் திறக்கவில்லை.

"காலையில சொன்னத மனசுல வெச்சுக்காத நைனா."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி கொரட்டூர் தாண்டியது. "நீ போறது எனக்குப் புடிக்கலன்னு நெனச்சியா? மெய்யாலுமே புடிக்கலதான். அதுக்காகப் போவ வேணாம்னு சொல்லுவனா?"

சுவேதா, அண்ணன் ஃபைலைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று சொல்லலாமா என்று வில்லிவாக்கம் வரை யோசித்தாள். கூட்டம் ஏறிவிட்டது. கிஷோரிடம் அவர் சொல்லவேண்டியதை, தான் இங்கே உட்கார்ந்துகொண்டு கிளறுவது சரியில்லை என்று விட்டுவிட்டாள்.

"ஒரே ஒரு சத்தியம் பண்ணு" என்றாள். "ஆபீஸ்ல நீ வாயத் தொறக்கக் கூடாது. தமிழரசு சொன்னான், நேர்ல ஒரு வார்த்த சொன்னா நடக்கும், அது இதுன்னு எதுவும் கூடாது. நான் பேசிக்கறேன்."

"சரி."

"சத்தியமா?"

"அதான் சரின்னுட்டேனே."

சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் அவர் பேரம் பேச ஆரம்பித்ததை அவள் பாதியில் வெட்டி, அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி ஐந்து நிமிடம். டோக்கன் வாங்கினார்கள். இவர்கள் எண் வர மூன்று இருபது. கவுன்ட்டரில் இருந்த அம்மாள் ஃபைலை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்பு, சரி. செமஸ்டர் மார்க் ஷீட்டுகள், சரி. பட்டம் வந்தது. அவர் விரல் முன்பக்கத்தைத் தடவி நின்றது.

"என்னம்மா இது, லேமினேஷன்?"

"பின்பக்கம் இல்ல மேடம். பின்பக்கம் சுத்தமா பேப்பர்தான். முத்திரை நல்லா விழும். நான் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் கொண்டாந்தேன்."

"பாதி லேமினேஷன், பாதி பேப்பரா? இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லையே." அவர் இருபுறமும் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்று தள்ளவும் இல்லை, சரி என்று வைக்கவும் இல்லை. "இதை நான் முடிவு பண்ண முடியாது. சார் பார்க்கணும். உட்காருங்க."

ஃபைல் உள்ளே போனது. அதிகாரியின் கதவு சாத்தியது.

உலகநாதன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பிரஸ் மிஷின் பெடலை மிதித்துப் பழகிய கால். சுவேதா அந்த முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்தினாள். மணி மூன்று இருபத்தாறு. கவுன்ட்டர் அம்மாள் தன் கைப்பையை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார்.

மூன்று இருபத்தெட்டுக்குக் கதவு திறந்தது. அதிகாரி தானே வெளியே வந்தார். ஒரு கையில் சுவேதாவின் பட்டம். இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் தாள். அதில் எழுத்துகள் தெரிந்தன.

சுவேதா அப்பா பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"சட்டையில வெச்சா மடங்கிடும்னு..." என்று உலகநாதன் முணுமுணுத்தார். "உன் ஃபைல்ல வெச்சேன்."

"உலகநாதன், தகப்பனார் பெயர் பச்சையப்பன்" என்று அதிகாரி அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்துப் படித்தார். "எஸ்.எஸ்.எல்.சி. பேப்பரே இல்ல, எழுத்து மட்டும் இருக்கு. என்னங்க இது? யாரோடது? சர்டிபிகேட்டை எல்லாம் இப்படி யார் பண்ணது?"

சுவேதா எழுவதற்குள் உலகநாதன் எழுந்துவிட்டார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கிரீஸ் போகாத கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மகளை ஒரு தடவை பார்த்தார், சத்தியத்தை மீறுவதற்கு உத்தரவு கேட்பதுபோல.

அவள் தடுக்கவில்லை.

"அது என்னுது சார். எப்டிப் பிரிக்கறதுன்னு மொதல்ல என்னுதுலதான் பாத்தோம். அது போயிடுச்சு. அதப் பாத்துத்தான் பொண்ணுது பொழச்சுது." குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "லேமினேஷன் போட்டது நான் சார். பிரிச்சது என் பொண்ணு. ஒரு எழுத்து போவல, நல்லாப் பாருங்க. தப்பெல்லாம் முன்பக்கம்தான் கீது. முத்திரைய அவ பக்கம் குத்துங்க சார்."

அலுவலகத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பட்டத்தைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைக் கட்டை விரலால் தடவினார். பிய்ந்திருந்த அந்தக் கடுகளவு மூலையில் விரல் நின்றது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார். பிறகு கவுன்ட்டர் பக்கம் திரும்பி, "கவுன்ட்டரை மூடாதீங்க" என்றார்.